பரியனின் அப்பாவும் ஜோவின் அப்பாவும்

2023 செப்டம்பர் 8. வில்பட்டியில் கேரட் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த என் அம்மா பாதி வேலையில் மேலேறி வீட்டுக்கு வந்தார். “பாப்பா, குணசேகரன் செத்துப் போயிட்டாராமே, நெசமா?” என்று கேட்டார். நிஜம்தான். ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்து அன்று காலை டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு இறந்துபோனார். ராத்திரிக்கு ராத்திரி அந்தக் குணசேகரனைத் திட்டித் தீர்த்தவர்தான் அம்மா. அன்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு நடிகர் இறந்தார். அவர் பெயர் நெல்லை தங்கராஜ். அந்தச் செய்தி அம்மாவுக்கு வந்து சேரவில்லை. எங்கள் ஊரில் யாரும் அதற்காக வேலையை நிறுத்தவில்லை. நானே மறுநாள்தான் கைபேசியில் பார்த்தேன். ஒரு கண்ணீர் எமோஜியைப் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விட்டேன்.

இருவரும் ஒரே படத்தில் நடித்தவர்கள். 2018 செப்டம்பரில் வெளியான மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’. ஜோவின் அப்பா மாரிமுத்து. பரியனின் அப்பா தங்கராஜ். ஒருவர் தன் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு இளைஞன் அடித்து நொறுக்கப்படும்போது தடுக்கத் துணிவில்லாமல் அழும் அப்பா. இன்னொருவர் மகன் படிக்கும் கல்லூரிக்கு வந்ததற்காக வேட்டி உருவப்பட்டு நடுச்சாலையில் ஓடும் அப்பா.

படத்தின் கடைசியில் மேசைமேல் இரண்டு தேநீர்க் குவளைகள் இருக்கும், நடுவில் ஒரு பூ இருக்கும். நம்மில் பாதிப் பேர் அதை முகப்புப் படமாக வைத்திருந்தோம். அந்தப் படத்தின் இரண்டு அப்பாக்களுக்கும் திரையுலகம் எந்தெந்தக் குவளையை நீட்டியது என்று நாம் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்த் திரையில் அதிகாரம் செய்கிற முகத்துக்கு நிரந்தர வேலை இருக்கிறது. அவமானப்படுகிற முகத்துக்கு ஒருநாள் கைதட்டு மட்டும் இருக்கிறது. அந்தக் கைதட்டும் “அவர் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்” என்ற வாக்கியத்தோடுதான் வருகிறது. பாராட்டு போலத் தெரியும் அந்த வாக்கியம் சாதியின் வாக்கியம்.

மாரிமுத்துவைக் குறைசொல்ல நான் வரவில்லை. எங்கள் மலையிலிருந்து தெற்கே இறங்கினால் தேனி மாவட்டம். அங்கே பசுமலைத்தேரி என்ற சிற்றூரிலிருந்து சினிமா ஆசையோடு சென்னைக்குப் போனவர் அவர். வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்தார், பிறகு உதவி இயக்குநராக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 2008இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014இல் ‘புலிவால்’ என்று இரண்டு படங்களை இயக்கினார். 2011இல் மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ அவரை நடிகராக்கியது. அதன்பிறகு போலீஸ் அதிகாரி, கதாநாயகியின் அப்பா, வில்லனின் ஆள் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 2022இல் சன் டிவியில் திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். 2023 ஆகஸ்டில் ‘ஜெயிலர்’ வெளியானது. அடுத்த மாதம் போய்விட்டார். ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் ஜோதிடர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டு மடக்கியதும் அதே ஆண்டில்தான். வேலைசெய்துகொண்டே இறந்த ஒரு தொழிலாளி அவர். அந்த மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு.

அவர் எந்தச் சாதி, தங்கராஜ் எந்தச் சாதி என்று தேடுவதும் என் வேலை அல்ல. நடிகரின் பெயரைத் தட்டியதும் பக்கத்தில் ‘சாதி’ என்ற சொல்லைக் கூகுள் எடுத்துக்கொடுக்கும் நாட்டில் அந்தத் தேடலை நான் வேறு கூட்ட வேண்டியதில்லை. நான் பேசுவது பாத்திரத்தின் சாதியைப் பற்றி. எந்தப் பாத்திரத்துக்கு மாதச் சம்பளம் உண்டு, எந்தப் பாத்திரத்துக்கு இரண்டு நாள் பேட்டா மட்டும் உண்டு என்பதைப் பற்றி.

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் ‘குடும்பத் தலைவர்’ என்ற பாத்திரத்தைத்தான் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். மூன்று ஆண்டுகளாகத் தொடர் பார்ப்பதே என் வேலை. எந்தத் தொடரிலும் சாதியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பெரிய கூடம் இருக்கும். கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி இருக்கும். மீசையும் வெள்ளை வேட்டியுமாக ஒருவர் அதில் உட்கார்ந்திருப்பார். ‘குடும்ப கௌரவம்’ என்ற சொல் அத்தியாயத்துக்குப் பத்து முறை வரும். அந்தக் கௌரவம் எங்கிருந்து வந்தது, யார் குனிந்ததால் அவர் நிமிர்ந்தார் என்று தொடர் சொல்லாது. பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

‘எதிர்நீச்சல்’ இதைக் கேள்வி கேட்ட தொடர்தானே என்பீர்கள். ஆமாம், கேட்டது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் அடைத்துவைக்கும் ஒரு வீட்டின் கதை அது. அந்தப் பெண்கள் எதிர்த்து நிற்பதுதான் அதன் ஓட்டம். என் அம்மா அதற்காகத்தான் பார்த்தார். ஆனால் தொடருக்கு வெளியே எது பரவியது? ஜனனி கேட்ட கேள்வியா, ஈஸ்வரி பேசிய பேச்சா? “இந்தாம்மா ஏய்” என்ற அதட்டல்தான் பரவியது. அதை மீம் ஆக்கியது யார்? ஆணவக்கொலைக்கு எதிராகக் காலையில் பதிவு போடும் நாம்தான் சாயங்காலம் அந்த ரீல்ஸுக்கு இதயம் போட்டோம். நானும் போட்டேன். அதட்டுகிறவரை ரசிக்க நமக்குப் பழக்கம் இருக்கிறது. அதட்டப்படுகிறவரைப் பார்த்து இரக்கப்படத்தான் பழக்கம் இருக்கிறது. இரக்கம் யாருக்கும் அடுத்த பட வாய்ப்பைத் தருவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாரிமுத்து இறந்ததும் அந்தப் பாத்திரம் இறக்கவில்லை. சில வாரங்களில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்து குணசேகரனாக உட்கார்ந்தார். அது தயாரிப்பின் தேவை, அதில் தவறில்லை. ஆனால் அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று அது காட்டிவிட்டது. ஆள் போனாலும் நாற்காலி காலியாவதில்லை. பரியனின் அப்பாவுக்குத் தமிழ்த் திரையில் அப்படி ஒரு நாற்காலி எங்கே இருக்கிறது?

தங்கராஜுக்கு வருவோம். நெல்லைச் சீமையில் பல ஆண்டுகள் பெண் வேடமிட்டு ஆடிய கூத்துக் கலைஞர் அவர். விடிய விடிய ஆடுவது, ஆட்டத்துக்கு நடுவே கூட்டத்தின் கேலியைத் தாங்குவது, குரலை மாற்றுவது, இடுப்பை ஒடிப்பது, ஒரு கண்ணசைவில் நூறு பேரைச் சிரிக்கவைப்பது. எந்த நடிப்புப் பள்ளியின் பாடத்திட்டத்துக்கும் இது குறைந்ததல்ல. படம் வந்தது. நாம் அழுதோம். மூன்றாண்டு கழித்து, 2021இல், மழையில் சிதைந்த குடிசையில் அவர் வாழ்வதாகச் செய்தி வந்தது. மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் தோழர்களும் உதவிக்குப் போனார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் நாடே பார்த்த ஒரு நடிகருக்கு வீடு கட்ட ஆட்சியர் வர வேண்டியிருந்தது ஏன்? அவர் நடிப்பே அவருக்கு வீட்டைக் கட்டிக்கொடுத்திருக்க வேண்டாமா?

கட்டிக்கொடுக்காததற்கு ஒரு காரணம் அந்த வாக்கியம். படம் வந்த நாட்களில் தங்கராஜைப் பற்றி எங்கும் ஒரே பேச்சு: “அவர் நடிக்கவே இல்லைங்க, அப்படியே வாழ்ந்திருக்கார்.” நடிக்காதவரை அடுத்த படத்துக்கு எதற்குக் கூப்பிட வேண்டும்? அவரிடம் திறமை என்று ஒன்று இருப்பதாக ஒத்துக்கொண்டால்தானே அதற்கு விலை பேச முடியும்? “வாழ்ந்தார்” என்று சொன்ன கணத்தில் அவர் நாற்பது வருடம் கற்றதெல்லாம் கணக்கிலிருந்து அழிந்துபோகிறது. அவர் இன்னார், அப்படித்தான் இருப்பார், கேமராவை வைத்தோம், கிடைத்தது. அவ்வளவுதான்.

இதே வாக்கியத்தை நான் வீட்டில் கேட்டு வளர்ந்தவள். என் அப்பா தப்படிக்கிறவர். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. பத்து வயதில் பெரியப்பாவிடம் அடிகுச்சி பிடிக்கக் கற்றார். தனியாக ஒரு சாவுக்குப் போய் அடிக்க எட்டு வருடம் ஆனதாம். மலைப் பனியில் தோல் தொய்ந்துவிடும். எவ்வளவு நேரம் தீயில் காட்டினால் எந்தச் சத்தம் வரும் என்று கையால் தொட்டே சொல்வார். கேட்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: “அவங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு.” ரத்தத்திலேயே இருப்பதற்கு யாராவது கூலி தருவார்களா?

சில ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. ஊர்த் திருவிழாக் காட்சி. அப்பாவையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் அடித்தார்கள். அரைநாள் அப்பா உட்கார்ந்து கதாநாயகனுக்குக் குச்சி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் காசு கேட்டபோது பேசியதில் பாதிதான் வந்தது. கேட்டதற்கு மேனேஜர் சொன்ன பதில்: “நீங்க எப்பவும் அடிக்கிறதுதானே? உங்கள நடிக்கவா சொன்னோம்?” படம் வெளியானபோது அந்தக் கதாநாயகன் பேட்டியில் சொன்னார், இந்தப் பாத்திரத்துக்காகத் தப்பு கற்றுக்கொள்ளக் கடுமையாக உழைத்தேன் என்று. அப்பாவின் அரைநாள் அவருடைய உழைப்பாகிவிட்டது. அப்பாவின் எட்டு வருடம் அப்பாவின் ரத்தமாகிவிட்டது.

இது ஏதோ ஒரு மோசமான மேனேஜரின் குணமில்லை. நம் கொண்டாட்டங்களுக்குள்ளும் இதே கணக்குதான். 2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தை எடுத்துக்கொள்வோம். செங்கேணியாக லிஜோமோல் ஜோஸ் அருமையாக நடித்தார். இருளர் மக்களோடு பழகினார், அவர்களுடைய வேலைகளைக் கற்றார், தோல் நிறத்தைக் கருமையாக்கிக்கொண்டார். இவை எல்லாம் அவருடைய உழைப்பாகப் பேசப்பட்டன. பேசப்பட வேண்டியவைதான். அதே படத்தில் இருளர் மக்களும் திரையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா? கற்றுக்கொண்டவர் நடிகை. கற்றுக்கொடுத்தவர்கள் பின்னணி. எங்கள் பழனி மலையில் பளியர் மக்கள் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் கதையைப் படமாக்க யாராவது வந்தாலும் நாயகிக்கு மாநிறப் பூச்சோடுதான் வருவார்கள் என்று பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறேன்.

ஆக, ஒருவர் இன்னொருவராக மாறினால் அது நடிப்பு. இன்னொருவராக மாறும் உரிமை யாருக்கு இருக்கிறது? இந்தக் கேள்விக்கு இந்திய சினிமா அதன் தொடக்கத்திலேயே ரத்தத்தில் பதில் எழுதிவிட்டது. மலையாளத்தின் முதல் திரைப்படம் ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’. அதன் நாயகி பி.கே. ரோசி, ஒரு தலித் பெண். அவரும் வெறும் ‘கண்டெடுப்பு’ இல்லை. காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவர், தங்கராஜைப் போலவே ஒரு கூத்துக்காரர். படத்தில் அவர் ஏற்றது ஒரு நாயர் பெண்ணின் பாத்திரம். ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திரையின்மீது கல்லெறிந்தார்கள். அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து, நடிகை என்ற அடையாளத்தையே மறைத்து வாழ்ந்து மடிந்தார். அவர் நடித்த படத்தின் சுருள்கூட இன்று இல்லை. அவர் முகத்தைக் கூகுள் தன் முகப்பில் வைத்தது 2023 பிப்ரவரி 10 அன்று. தங்கராஜ் இறந்த அதே மாதம்.

ரோசி செய்த குற்றம் என்ன? அவர் திரையில் ‘வாழவில்லை’. நடித்தார். தன் சாதிக்கு எழுதிக்கொடுத்த வாழ்க்கையைத் தாண்டி வேறொருத்தியாக மாறிக் காட்டினார். அவர் ஒரு கூலிப்பெண்ணாக வந்திருந்தால் கல் விழுந்திருக்காது என்பது என் எண்ணம். “எவ்வளவு இயல்பு, அப்படியே வாழ்ந்திருக்கிறாள்” என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்குக் கல்லால் சொன்னதை இன்றைக்குப் பாராட்டால் சொல்கிறோம்: நீ நீயாக மட்டும் இரு.

மாரி செல்வராஜ்தானே தங்கராஜைத் திரைக்குக் கொண்டுவந்தார், அவரையும் குற்றம் சொல்கிறாயா என்று சிலர் கேட்கலாம். இல்லை. அந்தப் படம் ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாக மாரிமுத்து போன தூரத்துக்குத் தங்கராஜும் போக முடியாமல் செய்தது அந்தப் படத்துக்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான படங்களும் தொடர்களும். ஒரு படம் எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும் என்று நாம் நினைப்பதுதான் சிக்கல். ஓர் இயக்குநர் செய்துவிட்டார், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

முடியும் என்பதற்கும் அதே படத்தில் சாட்சி உண்டு. கல்லூரி முதல்வராக வரும் ‘பூ’ ராமு. தெருநாடக மேடையிலிருந்து வந்தவர். 2008இல் சசியின் ‘பூ’ படத்தில் கிடைத்த அப்பா வேடம் அவர் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு ‘நீர்ப்பறவை’, ‘பேரன்பு’, ‘சூரரைப் போற்று’, ‘கர்ணன்’ என்று 2022 ஜூனில் இறக்கும்வரை தொடர்ந்து நடித்தார். பரியனின் முன்னால் மேசைக்கு அந்தப் பக்கம், முதல்வரின் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். அவமானங்களைக் கடந்து அந்த இடத்துக்கு வந்த ஒரு மனிதராக. அந்த ஒரு காட்சி நம் நெஞ்சில் நிற்கிறது என்றால், வீதியில் கற்ற நடிப்புக்கு ஒரு நாற்காலி கொடுத்ததால்தான். தங்கராஜையும் ஒரு நீதிபதியாக, ஒரு தாத்தாவாக, ஏன், சாதித் திமிர் பிடித்த ஒரு பண்ணையாராகவே நடிக்கவைத்துப் பார்த்திருக்கலாம். பெண்ணாக மாறி ஆயிரம் இரவுகள் ஆடியவருக்குப் பண்ணையாராக மாறுவதா கஷ்டம்?

அதனால் சில விஷயங்களைக் கேட்கத் தொடங்குவோம். கூத்து, தப்பாட்டம், தெருநாடக அனுபவத்தை நடிப்புத் தகுதியாகத் தயாரிப்பு நிறுவனங்கள் ஏற்க வேண்டும். நாட்டுப்புறக் கலைஞரைப் படத்துக்கு அழைத்தால் ‘கூட்டம்’ என்ற கணக்கில் சேர்க்காமல் பெயரெழுதி, தொகையெழுதி ஒப்பந்தம் போட வேண்டும். டைட்டிலில் அவர் பெயர் வர வேண்டும். நடிகருக்குக் கற்றுக்கொடுத்தால் அதற்குத் தனிச் சம்பளம். அரசிடம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. கல்வி உதவி, ஓய்வூதியத்தோடு நிற்காமல், திரையில் உறுப்பினர்களின் கூலி ஏமாற்றப்பட்டால் அது தலையிட வேண்டும். திரைத் தொழிலாளர் சங்கங்களின் கதவும் இவர்களுக்குத் திறக்க வேண்டும். சாதி ஒழிப்புப் படம் எடுக்கிறவர்கள் இதை முதலில் செய்து காட்டட்டும்.

நம் வேலை அதைவிட எளிது. அந்த வாக்கியத்தை நிறுத்துவோம். “வாழ்ந்திருக்கிறார்” என்று எழுத விரல் போகும்போது ஒருமுறை யோசிப்போம்.

போன பொங்கலுக்கு அப்பாவுக்கு என் கைபேசியில் ‘பரியேறும் பெருமாள்’ போட்டுக்காட்டினேன். அந்த ஓட்டக் காட்சி வந்தது. எனக்குப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா நிறுத்தச் சொன்னார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. “திருப்பிப் போடு தாயி, அந்தக் காலைப் பாக்கணும்” என்றார். மூன்று முறை பார்த்தார். “தடுமாறி ஓடுற மாதிரி இருக்குல்ல? தடுமாறல. ஒவ்வொரு எட்டும் எங்க விழணும்னு அந்தாளுக்குத் தெரியும். ஆட்டக்காரன் காலு அது. என்னா நடிப்பு!”

நாடே அழுத காட்சியில் நடிப்பைப் பார்த்தவர் வில்பட்டியில் ஒரு தப்படிக்கிறவர். தொழில் தெரிந்தவருக்குத் தொழில் தெரிகிறது. நமக்கும் தெரிய வேண்டும். நெல்லை தங்கராஜ் நடித்தார். அப்படியே எழுதுவோம்.